இன்னிக்கு என்ன பொய்?

“இன்னிக்கு என்ன பொய்?”

கேட்டுக்கொண்டே, நான் மடித்து அடுக்கியிருந்த சட்டைகளை ஒதுக்கிவிட்டு, இஸ்திரி மேசையின் ஓரத்தில் இரண்டு கைப்பேசிகளை வைத்தார் போலீசக்கா. ஒன்றில் மில்லுப்பக்கத்தாரின் வாட்ஸ்அப் குழு, மற்றதில் ஆத்துப்பக்கத்தாருடையது. இரண்டும் விட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்தன.

“ஒருத்திக்கு ரெண்டு மாமியார் வாய்ச்ச கதைதான், இஸ்திரி. ஒன்னு மூச்சு விட்டா இன்னொன்னு தும்முது. சொல்லு, என்ன பொய்?”

“நான் என்னத்தக்கா கண்டேன்” என்று இழுத்தேன்.

“அடேயப்பா! எவன் வீட்டு அடுப்புல எது தீஞ்சாலும் உனக்குத்தான் முதல்ல வாசனை வரும். பிகு பண்ணாம சொல்லு.”

சொன்னேன். ஆத்துப்பக்கத்தில் ஒரு வேன் நிறைய வெளியூர் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்களாம். கையில் கம்பியாம்.

“எங்க இறங்குனாங்க?”

“பள்ளிக்கூடத்துக்கிட்ட.”

“யாரு பாத்தா?”

“மில்லுக்காரரோட டிரைவருக்கு ஒரு மச்சான் இருக்கானே, அவன்.”

“அவன் பாத்தானா, அவனுக்கு யாராவது சொன்னாங்களா?”

பதிலுக்கு நிற்கவில்லை. கைப்பேசிகளை வாரிக்கொண்டு நடந்துவிட்டார். நான் அவருக்காகச் சொல்லி வைத்த டீயில் ஆடை படிந்து, அதில் ஒரு ஈயும் விழுந்த பிறகுதான் திரும்பி வந்தார். வேன் வந்தது நிஜம். இறங்கியவர்கள் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் ஒல்லியான இரண்டு ஆண்களும். கம்பியும் நிஜம்தான், மைக் நிறுத்துகிற கம்பி. பழைய கலவரத்தைப் பற்றி இரண்டு பக்கத்தாரும் சொல்வதைப் பதிவு செய்து வைக்க வந்தவர்கள். கூப்பிட்டதே போலீசக்காதான்.

“பொய்க்குக் கால் கிடையாது. பறந்துக்கிட்டே இருக்கும். எங்கன்னு கேட்டா இறங்க இடமில்லாம விழுந்துடும்” என்று சொல்லி, ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்தார். நான் பார்த்து அவர் சூடாக எதையும் குடித்ததில்லை.

எங்கள் சாலைக்குக் குறுக்கே ஓர் இரும்புக்கதவு இருக்கிறது. மாவு மில் இருக்கிற பக்கம் மில்லுப்பக்கம், ஆறு ஓடுகிற பக்கம் ஆத்துப்பக்கம். கலவரத்துக்குப் பிறகு வைத்த கதவு. பகலில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருக்கும். பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவார்கள். என் கடை கதவை ஒட்டியே இருப்பதால் இரண்டு பக்கத்துத் துணியும் என்னிடம் வரும். மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாளும் அடித்துக்கொண்டதில்லை. சட்டைக்குள் ஆள் நுழைந்த பிறகுதான் வம்பு.

போலீசக்காவுக்குப் பதவி ஒன்றும் பெரிதில்லை. நிலையத்தில் பலர் இவரை ஏவுவார்கள். இவர் ஏவ யாரும் கிடையாது. வயது என் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரே அக்கா என்கிறபோது நான் மட்டும் வேறு என்ன சொல்வது? மில்லுப்பக்கத்தில் சிலர் மட்டும் ‘மேடம்’ என்பார்கள். அது மரியாதை அல்ல, தள்ளி வைப்பது. இந்த ஊரில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஒரே சங்கதி, போலீசக்கா அந்தப்பக்கத்து ஆள் என்பது. ஆத்துப்பக்கத்தார் அவருடைய பாட்டனார் மில்லுப்பக்கத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி வைத்திருக்கிறார்கள். மில்லுப்பக்கத்தார் அவருடைய சின்னம்மா ஆத்துப்பக்கத்தில் வாழ்க்கைப்பட்டதற்கு வைத்திருக்கிறார்கள். நான் விசாரித்த வரையில் இரண்டும் உண்மை.

ஒரு கோடையில் மில்லுப்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் அந்தப்பக்கத்தார் எதையோ கலந்துவிட்டதாக ஒரு பேச்சு எழுந்தது. பெண்கள் குடங்களைக் கவிழ்த்தார்கள். ஆண்கள் தெருமுனையில் கூடி வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். நிலையத்திலிருந்து ஜீப் வருவதற்குள் போலீசக்கா தனியாக வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, தொட்டியின் ஏணியில் ஏறினார். உச்சியில் மூடியைத் தள்ளி, ஒரு சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து குடித்தார். அவர் இறங்கி வந்து பூட்ஸ் நாடாவைக் கட்டி முடிக்கும் வரை கூட்டம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, எப்போது நுரை தள்ளும் என்று. அவர் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு. தொட்டியைக் கழுவித்தான் எத்தனையோ காலமாச்சு. அதுக்கு அந்தப்பக்கத்தான் வரணுமா? நம்ம சோம்பேறித்தனமே போதும்.”

யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். மடித்துக் கட்டிய வேட்டிகள் இறங்கின. மூன்று நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் சொன்னார்.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வாய் நீளம், மனசு தங்கம். “வீட்டுல உப்பு தீந்துடுச்சுன்னு சொன்னா, ‘யாரு பாத்தா?’ங்கிறா. என்ன ஜென்மமோ!” என்று என்னிடம் முறையிடுவார். அவர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். போலீசக்கா ‘போயிட்டாரு’ என்ற சொல்லைச் சொல்வதே இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி வந்து “அண்ணன் இருக்காரா?” என்றால், “கிளம்பி வேலைக்கு நடந்துக்கிட்டிருக்காரு, நல்லா இருக்காரு” என்பாராம். கேட்டவன் பயந்து, “ஏன், அவருக்கு என்ன?” என்று மறுபடி கேட்பானாம்.

இதற்குச் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் ஊர் எரிந்தது அந்த ஒரு சொல்லால்தான்.

பந்து விளையாட்டில் தகராறு. மில்லுப்பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் கூட்டம். போலீசக்கா அப்போது வேலையில் சேர்ந்த புதிது. அவரே சொல்லிக் கேட்டேன்:

“தையல் போட்டதும் பையனை நான்தான் பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போயி, அவங்கப்பா ஸ்கூட்டர்ல ஏத்திவிட்டேன். அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நான் முன்பக்கம் வர்றதுக்குள்ள, வாட்ச்மேன்கிட்ட யாரோ ‘பையன் எப்படி இருக்கான்’னு கேட்டிருக்கான். அவரு எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னாரு, ‘போயிட்டான்பா’ன்னு. அவ்வளவுதான். வாசல்ல நின்ன எல்லாரும் ஒரே ஆளு மாதிரி ஓன்னு கத்துனாங்க. ‘உயிரோட இருக்கான், உயிரோட இருக்கான்’னு நானும் கத்துறேன். ஒருத்தன் முழங்கையால என் வாயிலயே ஒன்னு வெச்சான். பல்லு ஆடுது, ரத்தம் ஊத்துது, நான் கத்துறது எனக்கே கேக்கல. லத்தியால கூட்டத்தை அடிக்கலாம். ஒரு வார்த்தையை எங்க அடிக்கிறது, சொல்லு?”

அன்றைக்கு ஆத்துப்பக்கத்தில் ஒரு வரிசைக் கடைகள் எரிந்தன. கடைக்குள் உறங்கிக்கொண்டிருந்த தையற்காரர் வெளியே வரவில்லை. மில்லுக்காரரின் தம்பி, சண்டையை விலக்கப் போனவர், கல் பட்டு விழுந்தார். இத்தனைக்கும் அந்தப் பையன் தலையில் கட்டோடு அத்தை வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் ஆத்துப்பக்கத்துக்காரர். அவர் திமிராக, வேண்டுமென்றே சொன்னார் என்று மில்லுப்பக்கம் இன்றுவரை நம்புகிறது. அவன் வாயால்தான் ஊர் எரிந்தது என்று சொந்தப் பக்கத்தாரும் ஏசினார்கள். மனிதர் வாயை மூடிவிட்டார். கேட்டால் தலையாட்டுவார், இல்லையென்றால் கையைக் காட்டுவார். அவர் சாலைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது நகராட்சி இரும்புக்கதவை எடுத்துவிட்டு அங்கே சுவர் எழுப்பப் போவதாகச் சொல்கிறது. செங்கல் வந்து இறங்கிவிட்டது. என் கடை வாசலில்தான் குவித்திருக்கிறார்கள். சுவர் வேண்டாம் என்று மில்லுக்காரர் கையெழுத்துப் போட்டால் மில்லுப்பக்கமே போடும். அவரோ ஒரே பிடி. “அந்த ஆளு என் முகத்தைப் பாத்துப் பேசட்டும். எதுக்கு அப்படிச் சொன்னான்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்.” போலீசக்காவின் அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: “கடைசியா ஒரு கூட்டம் போட்டுக்கோ. சரியா வரலைன்னா சுவர். அதோட இந்தப் பொய் பொறுக்குற வேலையையும் விட்டுடணும்.”

போலீசக்கா வாட்ச்மேன் வீட்டுக்கு நடையாய் நடந்தார். “வாயே திறக்காத மனுஷனோட பேசுறதும் ஒரு சௌகரியம்தான். குறுக்க பேச மாட்டாரு” என்று எங்களிடம் சொன்னாலும், திரும்பி வரும்போது முகம் வாடித்தான் இருக்கும். கடைசியில் ஒருநாள் கிட்டத்தட்ட ஓடி வந்தார். “பேசிட்டாரு இஸ்திரி!”

“என்ன சொன்னாரு?”

“‘அங்க தண்ணி இருக்குமா’ன்னாரு. நாக்கு வறண்டுபோகுமாம்.”

போன வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் போல ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம். கண்ணாடிக்காரப் பெண் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் முன்வரிசையில், சலவை வேட்டியில். நான் போட்ட இஸ்திரிதான். அதன் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். மில்லுக்காரர் வரவில்லை. வருகிறார் என்றார்கள். இன்னும் வரவில்லை. போலீசக்கா வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார், குவளையில் தண்ணீர் ஊற்றினார், நாற்காலியை நகர்த்தினார், திரும்ப அதே இடத்தில் வைத்தார். “உக்காருக்கா, எங்களுக்கே தலை சுத்துது” என்று ஆத்துப்பக்கத்துப் பெண் ஒருத்தி சொல்லியும் கேட்கவில்லை. அவர் மைக்கைப் பற்றி ஏதோ கேட்கத் திரும்பிய நேரத்தில் வாட்ச்மேன் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே நடந்தார். நான் பார்த்தேன். டிரைவருடைய மச்சானும் பார்த்தான்.

மில்லுக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார்.

“எங்க அந்த ஆளு?”

மச்சான் முந்திக்கொண்டான். “போயிட்டாருங்க.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“பாத்தீங்களா? ஓடிட்டான்! இதுக்குத்தான் எங்களை வரச் சொன்னாங்களா?” இது மில்லுப்பக்கம்.

“ஐயோ, என்னாச்சு அவருக்கு? இப்பத்தானே உக்காந்திருந்தாரு! என்னடா பண்ணீங்க?” இது ஆத்துப்பக்கம்.

ஒரே சொல்தான். ஒரு பக்கத்துக்கு அவர் ஓடிப்போனார், மறுபக்கத்துக்குச் செத்துப்போனார். போலீசக்கா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். எனக்கென்ன வீரச் சக்கரமா தரப்போகிறார்கள்?

மில்லுக்காரர் மட்டும் நகரவில்லை. மச்சானின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். அப்படிப் பிடித்ததைப் பார்த்துத்தான் கூட்டம் அடங்கியது. அடி விழப்போகிறது என்று நினைத்தார்கள்.

“போயிட்டாருன்னா?” என்றார். “எங்கடா போயிட்டாரு?”

மச்சான் விழித்தான். “தெ... தெரியலீங்க. அந்த வழியா வெளியே...”

“நீ பாத்தியா?”

“எந்திரிச்சதைப் பாத்தேன்.”

“பின்பக்கக் குழாயில முகம் கழுவிட்டு இருக்காருப்பா” என்றாள் மண்டபம் கூட்டுகிற அம்மாள், துடைப்பத்தைக் கீழே வைக்காமலே. “எதுக்கு இந்தக் கூப்பாடு?”

மில்லுக்காரர் கையை எடுத்தார். நாற்காலியைத் தூக்கியவன் அதை மெதுவாக இறக்கினான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மில்லுக்காரரின் தாடை மட்டும் எதையோ மென்றுகொண்டே இருந்தது. தம்பியை நினைத்தாரோ என்னவோ, நான் உள்ளே புகுந்து பார்க்கவில்லை. பிறகு அவர் பக்கவாசல் வழியாகத் தனியாக வெளியே போனார். நான்கைந்து பேர் பின்னாலேயே எழுந்தார்கள். அதற்குள் போலீசக்கா வாசலை அடைத்தபடி நின்றார்.

குழாய்ச் சத்தம் நின்றது. வெளியே யாரோ பேசத் தொடங்கினார்கள். கரகரத்த குரல், வார்த்தைக்கு வார்த்தை தடுமாறியது. யாருடையது என்று சட்டென்று பிடிபடவில்லை. அந்தக் குரலை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

கண்ணாடிக்காரப் பெண் கம்பியோடு ஓடிவந்தாள். “மேடம், கொஞ்சம் விலகுங்க! இதுதான் முக்கியம், இது பதிவாகணும்!” போலீசக்காவின் தோளுக்கு மேலாக மைக்கை வெளியே நீட்டினாள்.

போலீசக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து, மைக்கின் தலையை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.