மிஸ்ஸி போடாத கையெழுத்து

பழைய புரோகிராமில் இருந்த தாய்மாரின் தொகையும் புதியதில் ஏறிய தொகையும் திரையில் ஒரே எண்ணாக நின்ற அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கொக்கட்டிச்சோலைத் தாய் சேய் கிளினிக்கின் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றி முடித்த மமதையில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஒரு பெயர்கூடக் குறையவில்லை. மிஸ்ஸி கையெழுத்திட்டால் பழையதை அன்றே அழித்துவிடலாம். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பழைய பதிவுகள் அனைத்தையும் தன் கையால் தட்டி ஏற்றியவர் அவர்.

மிஸ்ஸி தொகையைப் பார்க்கவேயில்லை. பிரஷர் கூடிய ஒரு கர்ப்பிணியின் பெயரைத் தேடச் சொன்னார். மறுநாள் மருத்துவிச்சி வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவள். முகவரி மண்டூர் என்று வந்தது.

"இவள் இஞ்ச, கோயிலுக்குப் பின்னால இருக்கிறவள். மண்டூர் புருசன்ட ஊர்."

"அவர்ட அடையாள அட்டையில அப்பிடித்தான் கிடக்கு மிஸ்ஸி."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நீ எங்க மனே இருக்காய்?"

"பொஞ்சாதி ஊட்ட."

"உன்ட அட்டையில?"

"தன்னாமுனை" என்றேன். வெட்கமாகிவிட்டது.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதுதான் எங்கள் வழக்கம். அட்டையை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. அந்த வழக்கப்படியே வாழ்ந்துகொண்டு, குடும்பத் தலைவரின் அட்டை முகவரியை எடு என்று புரோகிராமுக்குக் கட்டளை எழுதியவன் நான்தான். பெயர்கள் பத்திரமாக வந்திருந்தன. ஆட்களைத்தான் ஊர் ஊராகச் சிதறடித்திருந்தேன்.

அன்றே முடிக்கச் சொல்லி மேலதிகாரி தொலைபேசியில் அவசரப்படுத்தினார். "இன்னும் முடியல்ல சேர்" என்று மிஸ்ஸி வைத்துவிட்டார். பெண்ணின் பழைய பதிவிலிருந்தே முகவரியை எடுக்கும்படி நான் மாற்றி எழுத, அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். அப்படியொருவரோடு வேலை செய்தேன் என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமை.

மறுநாள் காலை மருத்துவிச்சி அழைத்தார். அந்தப் பெண் முகம் வீங்கி, கண் மங்கி, கோயிலுக்குப் பின்னால் உள்ள வீட்டில் தனியே கிடந்திருக்கிறாள். அம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது என்றார். தாயும் மகளும் சுகம் என்ற செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது. புதிய புரோகிராமில் பிறப்புப் பதிவான முதல் பிள்ளை அவள். ஊர் என்ற கட்டத்தில் கொக்கட்டிச்சோலை என்று தட்டினேன். அதன் பிறகுதான் மிஸ்ஸி பேனாவைக் கேட்டார்.