சாம்பியன் ரீப்ஸில் நான் சொன்ன ஏழு நாள்

கோலார் தங்கவயலுக்கு எப்படிப் போவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் போனது 1972 மார்ச்சில். என் கட்டண விவரத்தை நம்பிக் கிளம்பினால் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். நான் ஊர் சுற்றப் போகவில்லை. முந்தைய டிசம்பர் போரில் எங்கள் படைப்பிரிவின் ஹெலிகாப்டர் பைலட் செல்வராஜ் திரும்பி வரவில்லை. அவருடைய பெற்றோரைப் பார்க்கப் போனேன்.

பெங்களூரில் காலை ஏழு மணிக்கு ரயில். எழுபது கிலோமீட்டர் போய் பங்காருப்பேட்டையில் இறங்கி, கிளைப்பாதை வண்டிக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் நிலையம் வரை மொத்தம் மூன்று ரூபாய் இருபது பைசா. நிலையத்துக்கு வெளியே டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

"பைலட்டு வூடா? சைனைடு மேட்டத் தாண்டி மூணாவது லைனு, போங்க" என்றார். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குன்றுதான் சைனைடு மேடு; லைன் என்பது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசை.

செல்வராஜின் அப்பா முனிசாமி சுரங்க மீட்புக் குழுவில் இருந்தவர். உள்ளே பாறை சரிந்தால், சிக்கிய ஆளை உயிரோடோ பிணமாகவோ மேலே கொண்டுவரும் வரை அவர்கள் ஓயமாட்டார்கள். மகனைக் காணவில்லை என்று தந்தி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மறுநாள் காரியம் செய்வதாக இருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"எத்தினி நாள் தேடுனீங்க தம்பி?" அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு மணி நேரம்கூட யாரும் தேடவில்லை. பின்னால் வந்த ஹெலிகாப்டரில் நான் இருந்தேன். செல்வராஜுடையது எரிந்து விழுந்ததையும், யாரும் வெளியே வராததையும் பார்த்தேன். கீழே எதிரிப்படை, திரும்பிவிட்டோம். இவரிடம் போய் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஏழு நாள் தேடினோம், ஐயா. ஒண்ணும் கிடைக்கல."

"ஒண்ணுமே கெடைக்கலயா?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியாடி? சொரங்க ஷாப்டுல கல்லு மூடிக்கும், ஆளு உள்ளதான் இருப்பான். அது வெட்டவெளி. ஏழு நாள் தேடியும் கெடைக்கலன்னா இன்னா அர்த்தம்? எம்புள்ள எங்கியோ உசுரோட கீறான்."

எழுந்து போய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினார். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "சாப்புட்டுதான் போவணும்" என்று அடுப்பு மூட்டினார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். நாலு இருபது வண்டிக்கு முனிசாமியே நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

ஆறு வருடம் கடிதம் போட்டார். போர்க்கைதிகள் பட்டியலில் மகன் பெயர் வந்ததா என்று கேட்பார். இல்லை என்று மட்டும் எழுதுவேன். கடைசிக் கடிதத்தை அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். 'அவர் போய்விட்டார். சாகும் வரை பிள்ளைக்குக் காரியம் செய்ய விடவில்லை. இப்போது செய்யலாமா, தம்பி?'

அப்போதுதான் உண்மையை எழுதினேன். பதில் வரவில்லை.

போகிறவர்களுக்கு: கிளைப்பாதையில் வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இதுபோன்ற ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தால், கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதனால் வண்டி தவறினாலும் பரவாயில்லை.