நெற்றி சுடவில்லை

வானத்தில் நம்மைவிட அறிவாளிகள் இருக்கிறார்களா என்று பெரிய பெரிய கருவிகளை வைத்துத் தேடுகிறார்களாம். இத்தனை வருடம் கூப்பிட்டும் பதில் இல்லை, அதனால் யாருமே இல்லை போலிருக்கிறது என்று பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீடு ஒன்றில் குடியிருந்திருக்க வேண்டும்.

மலாயாவில், பாடாங் செராய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். ஓடிப்போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்று ஆள் பிடிக்க வந்த கங்காணியிடம் சொன்னேன். கீரை பறிக்கும் சாக்கில், கூடைக்கடியில் அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்துத் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்காரியும் கூடையோடு போவாள், வேறு பக்கமாக. தன் புருஷன் பினாங்குக்குப் பிழைக்கப் போனவர், தகவலே இல்லை என்பாள். நம்பினேன்.

காட்டில் என் வீட்டுக்காரருக்கு மலேரியா கண்டது. கொய்னா மாத்திரை இல்லாமல் பிழைக்க மாட்டார். அடுத்த வீட்டுக்காரி முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கியவள். எனக்குத்தான் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். அவள் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“கொய்னாவா? எங்கிட்ட ஏதுக்கா?” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாம் நாள் அவர் போய்விட்டார். நானே குழி தோண்டி மூடினேன். வாய்விட்டு அழ முடியவில்லை. பொட்டை அழிக்கவில்லை, அழித்தால் கேள்வி வரும். கூடை நிறையக் கீரையோடு வீடு திரும்பினேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு, அவள் புருஷன் அதே காட்டிலிருந்து தாடியும் மீசையுமாக நடந்து வந்தார். ஒரே காட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளிந்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் நான் பொட்டை அழித்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த கொய்னா புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்று அழுதாள்.

“நெத்தி சுடலியேக்கா. கங்காணிதான் ஒங்கள வேவு பாக்க அனுப்பிட்டான்னு நெனச்சேன்.”

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். எங்கள் இரண்டு பேர் மடியிலும் ஒரே கனம். அவள்மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். ஆனால் அவள் பொய்க் காய்ச்சலோடு என் வாசலுக்கு வந்திருந்தால், நானும் கதவைச் சாத்தியிருப்பேன்.

மேலே வானத்தில் இருப்பவர்களுக்கும் காப்பாற்ற ஒரு ஆள் இருக்கலாம். நாம் கூப்பிடுவது அவர்களுக்குக் கேட்டிருக்கும். நம் நெற்றி சுட்டிருக்காது.