ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர்

தோல் கருகும் வாடைதான் முதலில் வந்தது. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் நானும் அக்காவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். முன்கை தோசைக்கல்லின் விளிம்பில் படிந்து கிடந்திருக்கிறது. எனக்கு வலிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். பல இடங்களை நான் காட்டவே இல்லை. முதுகிலும் தொடையிலும் வெளிறிய தேமல்கள் இருந்தன. தொழுநோய் என்றார். ஒரு வருடம் மாத்திரை, முதல் மாதத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும் என்றார். நான் தலையாட்டினேன். அட்டுவம்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்காதான் அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் அப்பாவுக்கு அந்த நோய் இருந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். விரல்கள் மடங்கிய பிறகுதான் வைத்தியத்துக்கே போனார். அம்மா முன்பே இறந்துவிட்டதால் புண்ணுக்குக் கட்டுப் போட்டது, சோறு ஊட்டியது எல்லாம் நாங்கள் இருவரும்தான். குளிருக்கு ஒரே கம்பளிக்குள்தான் மூன்று பேரும் படுத்தோம். அப்பா இறந்த பிறகு அதே கம்பளிக்குள் நாங்கள் இரண்டு பேர்.

மாத்திரையில் என் தோல் கறுத்துக்கொண்டே வந்தது. ஆறாவது மாதம், மலைக்குக் கீழே உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து இளம் டாக்டரம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். இருவர் ரத்தமும் ஆராய்ச்சிக்கு வேண்டுமாம். ஒரே வீட்டில் வளர்ந்தும், தங்கைக்கு வந்தது தனக்கு ஏன் வரவில்லை என்று அக்கா கேட்டாள். அந்தக் கிருமி உடம்பின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும் என்றார் டாக்டரம்மா. வந்திருப்பது கிருமி என்று மோப்பம் பிடிக்க அணுக்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. அதன் அமைப்பு பிறவியிலேயே ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சிலருக்கு அது சட்டென்று உஷாராகாது. அதற்குள் கிருமி தங்கிவிடும். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியில்லை, அதைத்தான் பார்க்கிறோம் என்றார்.

அக்கா கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் ரத்தத்துல அது நல்லா இருக்குன்னு தெரிஞ்சா, இவளுக்கு எடுத்து ஊத்துவீங்களா?"

"முடியாதும்மா."

"பெறகு எதுக்குங்க?"

இனிமேல் வருகிறவர்களுக்கு உதவலாம் என்றார் அவர். அக்கா சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். அடுத்து நான் நீட்டினேன். ஊசி ஏறியதை இடது கை உணர்ந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த வருடமே அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் என் நோயை மறைக்கவில்லை. அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் டம்ளர்களை எடுத்துக் கழுவினேன். என்னால்தானே என்று ஒருமுறைகூட அப்போது நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

மாத்திரை முடிந்து தேமல் மங்கியது. முன்கைக்கு உணர்ச்சி திரும்பவில்லை. டாக்டரம்மா மறுபடி வந்தபோது அக்கா ரத்தம் எடுத்ததன் முடிவைக் கேட்டாள். பேரை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் வைத்திருப்பதால் யாருடையது எது என்று சொல்ல இயலாது என்றார்.

பிறகு பேத்துப்பாறையிலிருந்து ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். பீன்ஸ் தோட்டக்காரர். அக்கா அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். "அதான் மாத்திரை சாப்புட்டு முடிச்சாச்சுல்ல," என்றார் அவர். அவ்வளவுதான்.

கல்யாணமாகி அவள் போன மறுநாள் நான் வழக்கம்போல் வெள்ளனே வேலைக்குப் போனேன். இருநூறு பேருக்குக் காரட் சீவ வேண்டியிருந்தது. பாதியில் கத்தி நகரவில்லை. பக்கத்திலிருந்தவள் தண்ணீர் கொண்டுவந்து, "என்ன புள்ள செய்யுது?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வெகுநேரம் அழுதேன். அவள் என் காரட்டையும் சேர்த்துச் சீவி முடித்தாள்.