கறுப்புக் கயிறு கட்டிய மைக்

டாக்டர் சொன்னதை அக்கா பஸ்ஸில் திரும்பி வரும்போதே சுருக்கிவிட்டாள். "கட்டி போவும், குரலும் போவும். அவ்ளோதானே?" டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தைராய்டில் வளர்ந்திருக்கும் கட்டி குரலுக்குப் போகிற நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். அவர் சுற்றி வளைத்ததை இவள் நேராக்கிவிட்டாள். ஆபரேஷனுக்குப் பதினான்கு நாள் இருந்தது.

பட்டுச்சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுவது அக்காவின் பிழைப்பு. எங்கள் சர்ச்சில் முப்பது வருஷமாகப் பாடுவது அவள் பெருமை. செவிலிமேட்டு வீட்டில் அவள் கீழே இருந்தாள், நான் மாடியில். மாடியில் ஒரு அறையைச் சுற்றி ஜமுக்காளம் தொங்கவிட்டு, 'ரெக்கார்டிங் ஸ்டூடியோ' என்று போர்டும் வைத்திருக்கிறேன். உள்ளே வந்தவர்கள் உட்கார்ந்த பிறகும் ஸ்டூடியோ எங்கே என்று கேட்பார்கள். திருவிழா அறிவிப்பு, பட்டுக்கடை விளம்பரம், கூட்டங்களுக்கான ஜெபப் பாட்டு என்று ஊரார் குரலையெல்லாம் பிடித்துக் கொடுத்தேன். அக்காவின் குரலை ஒருநாள்கூட ஒழுங்காக உட்காரவைத்துப் பதிவு செய்யவில்லை. வீட்டுக் குரல்தானே, எங்கே போய்விடப் போகிறது என்ற மெத்தனம். அந்த மெத்தனத்துக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

"ஆறு பாட்டு போதும். நல்லா வரணும். அழுது வடியக் கூடாது" என்றாள் அக்கா.

என்னிடம் இருந்தது புது கண்டென்சர் மைக். அதை வாங்கின பெருமையில் ஒரு மாதம் திரிந்தவன் நான். ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் என்பார்களே, அந்த ரகம். அக்கா முதல் பாட்டைப் பாடி முடித்து ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முகம் மாறிவிட்டது. கட்டி மூச்சுக்குழாயை அழுத்துவதால் அவள் மூச்சிழுக்கும்போது மெல்லிய ஒரு சீறல் வரும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அந்த மைக்குக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தச் சீறல், கூடவே வந்தவாசி சாலையில் டவுன் பஸ்ஸின் ஹாரன்.

"இதுல நான் பாடல. கட்டி பாடுது" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. எல்லாவற்றையும் கேட்கிற மைக் அவளுக்கு ஆகாது. வாய்க்கு நேராக இருப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைக் கண்டும் காணாமல் விடுகிற பழைய டைனமிக் மைக்தான் வேண்டும். உள்ளே ஒரு காந்தம், மெல்லிய தகடு, அதில் ஒட்டின கம்பிச்சுருள், அவ்வளவுதான் அதன் உடம்பு. மின்சாரம்கூடக் கேட்காது. மூச்சின் சீறல் அதற்கு எட்டாது, குரலின் அடித்தொண்டைக் கனம் மட்டும் வந்து சேரும். இப்போது வருகிற டைனமிக் மைக்கெல்லாம் கூட்டத்தை மீறிக் கேட்பதற்காக மேல் ஓசையைத் தூக்கிக் காட்டுகிறவை. அக்காவின் 'ச'வும் 'ஷ'வும் அதில் கத்தியாக வரும். பழசுதான் மழுப்பும். அவளுக்கு மழுப்பல் வேண்டியிருந்தது.

பேட்டையில் மைக்செட் கடை வைத்திருக்கும் பாய் என் வயசுக்காரர். கடை அவர் அப்பா காலத்தது. விஷயத்தைச் சொன்னதும் பரணிலிருந்து மரப்பெட்டியை இறக்கினார். ஆறு மைக் இருந்தன. எடுத்துப் போயிருந்த ரெக்கார்டரில் ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டேன்.

பழைய மைக்கைத் தேர்ந்தெடுக்க முதலில் மூக்கு வேண்டும், அப்புறம்தான் காது. வலையைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் பாடினவர்கள் எல்லாரும் இருப்பார்கள். ஒன்றில் பீடி நாற்றம். ஒன்றில் வெற்றிலைச் சாறு காய்ந்து சிவப்பாகப் படிந்திருந்தது. கச்சேரிக்குப் போய்வந்த ஒன்றின் வலையில் இன்னும் உதட்டுச்சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, பாடுகிறாளோ இல்லையோ தெரியாது. சிலதில் ஸ்பாஞ்சு மாவாக உதிர்ந்து தகட்டின் மேல் விழுந்திருந்தது. அதில் பேசினால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. இரண்டு கீழே விழுந்து சுருள் உரசி, 'ப' சொன்னால் கரகரத்தன. மிஞ்சிய ஒன்று சுமாராக இருந்தது. அதோடு போயிருக்கலாம். என் கண் சுவரில் ஆணியில் தனியாகத் தொங்கின ஏழாவது மைக்கின் மேல் போனது.

"அது வேணாம்பா" என்றார் பாய். "அது சாவு மைக்."

எங்கள் ஊர் மைக்செட் கடைகளில் அது வழக்கம். துக்க வீட்டுக்கும், ஆட்டோவில் தெருத்தெருவாகச் சாவு சொல்வதற்கும் ஒரு மைக்கைத் தனியாக வைத்திருப்பார்கள். அது கல்யாண வீட்டுக்குப் போகாது, காதுகுத்துக்குப் போகாது, மற்ற மைக்கோடு ஒரே பெட்டியில்கூடப் படுக்காது. ஆள் மாறினாலும் தப்பு வராமலிருக்கக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"சும்மா கேட்டுப் பாக்குறேன் பாய்" என்றேன். அவர் வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தார்.

மாட்டி ஒரு வரி பேசினதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெருச் சத்தம் மறைந்தது. என் குரல் ஒருவிதக் கனத்தோடு, வழவழப்பாக வந்தது. காரணம் யோசித்தால் எளிது. மற்ற மைக்குகளைக் கச்சேரிக்காரர்கள் வாயில் வைத்துக் கத்தினார்கள், சுழற்றினார்கள், போட்டு உடைத்தார்கள். இதில் யாரும் கத்தவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து, வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்து, நிதானமாகப் பேசிய மைக் இது. தகடு புதுசு போலவே இருந்தது. சாவு அதைப் பத்திரமாக வைத்திருந்தது.

"நாங்களே பேசினதுதான், எங்கப்பா, அப்புறம் நானு" என்றார் பாய். கொஞ்சம் தயங்கி, "உங்கப்பாவுக்கும் இதுலதான் சொன்னது" என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பா இறந்த அன்று காலை இந்தக் குரல் எங்கள் தெருவுக்குள் வந்து, திரும்பி, பாலாற்றுப் பக்கம் தேய்ந்து போனது.

பாய் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. "அக்காகிட்ட சொல்லிட்டுச் செய்யிபா. மறைச்சிச் செய்யாத." சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. சகுனம் பார்க்கிற குடும்பம் இல்லை நாங்கள் என்று வெளியில் பீற்றிக்கொள்வோம். ஆனால் கழுத்தில் கத்தி படப் போகிறவளிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் வேண்டாம் என்பாளோ என்ற பயம் பாதி. நான் கொண்டுபோய்க் கொடுத்ததாலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மீதி. மாடி அறையில் உட்கார்ந்து கறுப்புக் கயிற்றைப் பிளேடால் அறுத்தேன். கயிறு இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் மங்காமல் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது. எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா குளித்து, வெள்ளைப் புடவை கட்டி மேலே வந்தாள். மைக்கைப் பார்த்தாள். "பழசா?" என்றாள். "பழசுதான்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் பாடினது போல் அதற்கு முன்னால் பாடி நான் கேட்டதில்லை. சீறல் இல்லை, பஸ் இல்லை, கட்டி இல்லை. நாலு பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டில் போர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அந்த அதிர்வு சுவர் வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி, மைக் தன்னால் முனக ஆரம்பித்தது. நடுவில் நிறுத்தினால் என் பழைய கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும் என்று பதிவை ஓடவிட்டபடியே, மோட்டாரை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லக் கீழே ஓடினேன். அவர்களிடம் கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்தபோது அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மீதி இரண்டு பாட்டையும் பாடினாள். மைக்கை மறுநாளே பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். "சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். பொய் சொல்வதற்கு அப்போது எனக்குக் கூச்சமே இல்லை.

ஆபரேஷன் நடந்தது. அக்கா பிழைத்தாள், கட்டியும் கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்தது. குரல் வரவில்லை. ஒரு மாதத்தில் வரலாம், ஆறு மாதத்தில் வரலாம் என்றார்கள். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் அந்தக் காற்றில் வார்த்தை இருக்கும். கீழேயிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தடவை கை தட்டினாள். ஆறு மாதம் கழித்தும் அதே கைதட்டல்தான்.

இத்தனை நாளும் பாட்டுகளைத் திறந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் மனத்தைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டுகளைத் தனித்தனியாக வெட்ட வேண்டும், நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நீக்க வேண்டும். நாலாவது பாட்டுக்குப் பிறகு நான் கீழே போன கதவுச் சத்தம். மோட்டாரின் முனகல். நாற்காலி அசைந்தது. பிறகு அக்காவின் குரல், நிதானமாக, நாலு விரல் தள்ளி:

"செவிலிமேட்டைச் சேர்ந்த" என்று தொடங்கித் தன் பெயரைச் சொன்னாள், அப்பா பெயரோடு சேர்த்து. "அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அடக்க ஆராதனை நேரத்தை" என்று நிறுத்தினாள். "நேரத்தை என் தம்பி சொல்லுவான்."

கீழே அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பதிவில் அவள் தொண்டையைச் செருமினாள். அறிவிப்புக் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் பேசினாள். "தம்பி, எவனோ ஒருத்தன் ஆட்டோல என் பேரைத் தப்புத்தப்பா சொல்லிக்கினு போவக்கூடாது. அதான் நானே சொல்லிட்டேன். பீரோ மேல்தட்டுல குச்சு கட்டாத சேல மூணு இருக்குது. மாம்பழக் கலரு முகூர்த்தச் சேல. பொண்ணு வூட்ல காத்துக்கினு இருப்பாங்க, அத மொதல்ல யாரு கையிலயாவது குட்த்துக் கட்டச் சொல்லு. அப்புறம் இன்னா, கயித்த அறுத்துட்டா தெரியாதா? கழுத்துல தழும்பு அப்டியே இருக்குது. உடு, பரவால்ல. இதுல பாட நல்லாத்தான் இருக்குது." கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும். அது நின்றது. கதவு. என் குரல்: "நிறுத்திட்டாங்கக்கா, ஆரம்பிக்கலாமா?" அவள்: "ம்."

நான் மறைத்ததைத் தெரிந்துகொண்டே அவள் பாடியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. பாடினவள் போய்விடுவோம் என்று நினைத்தே பாடியிருக்கிறாள் என்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. முதல் வேலையாக இதை அழித்துவிட வேண்டும் என்றுதான் கையை வைத்தேன். அழிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் பாட்டு எத்தனையோ பேர் செல்போனில் இருக்கிறது. பேச்சு யாரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறவள் இல்லை அவள். வேண்டுமென்றால் கூப்பிடுவாள், காது கிழியப் பேசுவாள், வைத்துவிடுவாள். ஆறு பாட்டு என்று அவள் சொன்னாள், நான் ஆறு பாட்டைப் பிடித்தேன். சும்மா உட்கார்ந்து ஏதாவது பேசுக்கா என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா பேசினதாக இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது, அக்கா செத்துப்போனாள் என்று அக்கா சொல்கிற அந்த ஒன்றரை நிமிஷம்தான்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை கேட்டேன். ஹெட்போனில், திருட்டுத்தனமாக. உயிரோடு இருப்பவளின் சாவுச் செய்தியை அவள் வாயாலேயே கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய் அவள் போட்ட காபியைக் குடிப்பேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

போன வாரம் ஹெட்போனின் ஒயர் அறுந்துவிட்டது. அக்கா கடைக்குப் போயிருக்கிறாள் என்ற நினைப்பில் ஸ்பீக்கரில் போட்டேன். அறிவிப்பைத் தாண்டி ஓட்டி, அவள் பேச ஆரம்பிக்கிற இடத்தில் வைத்தேன். அறை முழுக்க அவள் குரல் வந்தது.

"தம்பி."

"என்னக்கா?" என்றேன், ஸ்பீக்கரைப் பார்த்து.

பின்னால் இரண்டு தடவை கை தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.