ஒருநாளும் பொய்யாகக் கூப்பிடாதவர்

சிவனேஸ்வரியின் புருஷன் ஐயாத்துரை சிரிக்காத நாள் ஒன்று இருந்ததென்றால் அது அவர் பிறக்காத நாளாகத்தான் இருக்கவேண்டும். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்துமூன்றில் தர்மபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேற வந்தவர்களில் பாதிப்பேர், முதல் மாரியிலேயே காய்ச்சலுக்கும் யானைக்கும் பயந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள். இவர் மட்டும் கரவெட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி உட்கார்ந்து, "ஈசு, கதிரையும் வந்திட்டுது. இனி வீடொண்டுதான் குறை" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வயது, கையில் ஆறு மாதக் குழந்தை, திரும்பின பக்கமெல்லாம் காடு. அவளுக்கு அழுகைதான் வந்தது.

அந்தக் காடு யாரையும் சும்மா விடவில்லை. முதல் வருடம் யானை வந்து குடியிருந்த ஓலைக் கொட்டிலைத் தள்ளி விழுத்திவிட்டுப் போனது. இரண்டாம் வருடம் பாலைப்பழக் காலத்தில், கம்பு வெட்டப் போன இடத்தில் கரடி பாய்ந்து ஐயாத்துரையின் இடது தோளைக் கிழித்துப் போட்டது. தொங்கின சதையை வேட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்தார் மனிதர். வாசல் படலையில் நின்ற பெண்சாதியிடம், "உன்ரை கண்ணிலைதான் நான் வடிவில்லை. காட்டுக்குள்ளை ஒருத்திக்கு என்னை விட மனமில்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே மயங்கி விழுந்தார். தையல் வெட்டி ஒரு மாதம் ஆகவில்லை, மண்வெட்டியும் கையுமாக வரம்பில் நின்றார். பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கேட்டால்தானே.

வாய்க்கால் தண்ணீருக்காக ஒருநாள் பக்கத்து வயல் கனகலிங்கம் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். கனகலிங்கம் கோபம் வந்தால் கண்மண் தெரியாதவன். ஐயாத்துரை ஓடவில்லை, தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினார். "வெட்டு கனகு. ஆனா வெட்டின பிறகு என்ரை வயலுக்கும் நீதான் தண்ணி கட்டவேணும், சொல்லிப்போட்டன்." கனகலிங்கம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குச் சிநேகிதம்.

யானையும் கரடியும் எப்போதாவது வருகிறவை. பன்றி அப்படியல்ல. தை மாதம் கதிர் முற்றத் தொடங்கினால் ஒரே இரவில் ஒரு ஏக்கரை உழுது விட்டுப் போய்விடும். அதனால் எல்லோரும் துவக்குக் கட்டினார்கள். பன்றி வருகிற தடத்தின் ஓரம் முழங்கால் உயரத்தில் வெடிமருந்தும் சன்னமும் இடித்த இடியன் துவக்கு, கொல்லன் அடித்த நாட்டுத் துப்பாக்கி. அதன் விசையிலிருந்து தடத்துக்குக் குறுக்கே ஒரு நூல். நூலில் எது முட்டினாலும் வெடிக்கும். பன்றிக்கும் மனிதனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே குடியேற்றத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பொழுது படக் கட்டியவன் விடியவிடியத் தானே போய்க் கழற்றவேண்டும். கழற்றிய பிறகு வரம்பில் நின்று ஊர் கேட்கக் கூப்பிடவேண்டும். அந்தக் குரல் வராமல் ஒரு பெண்பிள்ளை விறகுக்கோ தண்ணீருக்கோ படலை தாண்டமாட்டாள். மற்றவர்கள் "கழட்டியாச்சு" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐயாத்துரைக்கு அது போதாது. "துவக்குக் கழட்டியாச்சோய்! மாமிமார் நடக்கலாம், மருமக்கள் ஓடலாம், கனகலிங்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் படுக்கலாம்!" என்று தினமும் ஒரு கூத்து. மழையோ காய்ச்சலோ, தானே போய் நூலை அவிழ்த்து, மருந்தைத் தட்டிக் கொட்டி, அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். பதினொரு வருடம் ஒருநாள் பிசகவில்லை. மற்ற எல்லாவற்றிலும் விளையாட்டுக்காரனான தன் புருஷன் இந்த ஒன்றில் மட்டும் கோயில் ஐயரைவிட ஆசாரமாக இருப்பதில் சிவனேஸ்வரிக்கு உள்ளூரப் பெருமை.

அவளுடைய தம்பி தில்லைநாதன் அறுபத்தொன்றில் வந்து சேர்ந்தான். ஊரில் வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள், பெண்சாதிக்கு மூன்றாவது வயிற்றில். அத்தான்தான் தங்களுக்குக் கிழக்கே காணி பிடித்துக் கொடுத்து, கொட்டில் போட்டுக் கொடுத்து, துவக்குக் கட்டவும் பழக்கினார். தில்லைநாதன் கெட்டவனல்ல, சோம்பேறி. பனிக்குள் இறங்க அவனுக்கு மனம் வராது. அக்காவின் பார்வைக்கு அது தெரியும். தெரிந்தும், தம்பி என்கிற பாசத்தில் வாய் திறக்காமல் இருந்தாள். அதை நினைத்துப் பிறகு அவள் தன்னையே திட்டாத நாள் இல்லை.

அறுபத்துநான்காம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள். ஐயாத்துரை வழக்கம்போலத் தன் துவக்கைக் கழற்றி, கூப்பிட்டு, முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டு நின்றார். கிழக்கே ஒரு வெடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் தில்லைநாதனின் குரல்: "கழட்டியாச்சு!"

"உன்ரை தம்பியின்ரை துவக்கிலை பண்டி விழுந்திட்டுது ஈசு! வெட்ட ஆள் வேணும்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு, பல்பொடி வாயோடு, இரண்டு காணிக்கும் நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் அவர் ஓடினார். சின்னப்பிள்ளை ஓடுகிற ஓட்டம்.

நடந்தது இதுதான். அந்த வெடி தில்லைநாதனுடையதல்ல. குளக்கட்டுப் பக்கம் யாரோ யானை கலைக்கப் போட்டது. பாயில் கிடந்தே அதைக் கேட்ட தில்லைநாதன், தன் துவக்குத்தான் வெடித்துவிட்டது, வெடித்த துவக்கில் கழற்ற என்ன இருக்கிறது என்று நினைத்து, கொட்டில் வாசலில் நின்றபடியே கூப்பிட்டுவிட்டான். பனிக்குள் பத்து நிமிடம் நடக்கப் பஞ்சிப்பட்டான். அவ்வளவுதான்.

இரண்டாவது வெடி கேட்டதும் சிவனேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஓடினாள். வலது தொடை பிளந்து எலும்பு வெளியே தெரிந்தது. இரத்தம் வாய்க்கால் உடைத்ததுபோல் வரம்பில் ஓடியது. சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். கட்டக் கட்ட நனைந்தது. தில்லைநாதன் வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"பண்டி தப்பிட்டுது. இளிச்சவாயன் நான் ஆப்பிட்டிட்டன்" என்றார் ஐயாத்துரை. உதடு வெளிறியிருந்தது. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஈசு, கேள். இது என்ரை துவக்கு. நான்தான் கழட்ட மறந்து கூப்பிட்டனான். அப்பிடித்தான் சொல்லவேணும்."

"ஏன் பொய் சொல்லவேணும்? இவன்..."

"இவனை மறியல் வீட்டுக்கு அனுப்பினால் எனக்குக் கால் முளைக்குமோ? அதுக்கு முதல் கனகு இவனை வெட்டிப்போடுவான். நாலாவதைச் சுமந்துகொண்டு பிள்ளைத்தாச்சி ஒருத்தி கொட்டிலுக்குள்ளை இருக்கிறாள். சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள். வேறு என்ன செய்வாள். இரண்டு துவக்கும் ஒரே கொல்லன் அடித்தவை, பாதையும் இரண்டு காணிக்கும் பொது. கனகலிங்கம் கத்தியோடு ஓடிவந்து, "ஆற்றை துவக்கடா இது?" என்று தில்லைநாதனின் கழுத்தைப் பிடித்தபோது, ஐயாத்துரையே, "விடு கனகு, என்ரைதான்" என்றார். கனகலிங்கத்தின் கை தளர்ந்தது. அவன் நம்பவில்லை. ஆனால் செத்துக்கொண்டிருக்கிறவரோடு யார் வாதாடுவது?

உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு குழியிலும் பெட்டி தூக்கிப் போட, அவர் பல்லைக் கடித்தார். ஒருதரம் கத்தினார். அந்தப் பதினொரு வருடத்தில் அவர் கத்தி அவள் கேட்டது அந்த ஒருதரம்தான். முரசுமோட்டை வருமுன்னே கை குளிர்ந்துவிட்டது.

மரண விசாரணை மறுநாள் பகல் வீட்டு முற்றத்தில் நடந்தது. விசாரணை அதிகாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உள்ளே பிரேதம். பந்தலுக்குள் ஈமக்கிரியைக்குச் சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும் எடுத்து வைத்தாயிற்று. மூன்று பிள்ளைகளும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். ஊர் முழுக்க வேலிக்கு வெளியே.

"ஆற்றை துவக்கம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவரின்ரைதான் ஐயா."

"கழட்டியாச்சு எண்டு கூப்பிட்டவரோ?"

"ஓம். கழட்டாமல் கூப்பிட்டிட்டார்."

சொல்லும்போது நாக்கு எரிந்தது. வேலிப்பக்கம் ஒரு சலசலப்பு. "ஐயாத்துரையோ? அவரோ கழட்டாமல் கூப்பிட்டவர்?" என்று ஒரு மனிசி கேட்டாள். "அப்ப இவ்வளவு நாளும் எங்கடை பிள்ளையளை எந்த நம்பிக்கையிலை விட்டனாங்கள்?" என்றாள் இன்னொருத்தி. சிவனேஸ்வரி அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சத்தியம் சத்தியம்தான். புருஷனின் பெயர் போனாலும் போகட்டும், தம்பி பிழைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து தில்லைநாதனைக் கூப்பிட்டார்கள். "அத்தான்ரை துவக்குத்தான் ஐயா" என்றான். அதோடு வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பயம் அவனை மேலும் பேச வைத்தது. "அவருக்கு எப்பவும் விளையாட்டுப் புத்தி. எத்தினை தரம் சொன்னனான், ஆரையேன் சாக்கொல்லப் போறியள் எண்டு. பகிடி விட்டு விட்டே கவனமில்லாமல்..."

அவன் முடிக்கவில்லை. உலக்கை எப்போது தன் கைக்கு வந்தது என்று சிவனேஸ்வரிக்குத் தெரியாது. முதல் அடி தோளில் விழுந்து எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தாடையில். பல்லும் இரத்தமுமாக அவன் விழுந்தான். விழுந்தவனின் முதுகில் மூன்றாவது. கதிரை சரிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், இன்ஸ்பெக்டரும் கனகலிங்கமும் சேர்ந்துதான் அவளைப் பிடித்தார்கள். பிடிக்குள் நின்று திமிறியபடி அவள் வேலிக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்துக் கத்தினாள்.

"பொய்! நான் சொன்னது முழுப்பொய்! இந்த நாய் பாயிலை கிடந்து எழும்பி வந்து கூப்பிட்டது! என்ரை மனிசன் ஒருநாளும் கழட்டாமல் கூப்பிடேல்லை!"

கனகலிங்கம் அவளுடைய கையை விட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதான். அதிகாரி எழுதின தாளை எடுத்து மடித்துவிட்டு, புதுத்தாள் ஒன்றை விரித்தார். தில்லைநாதனை இரண்டு பொலிஸ்காரர் தூக்கி நிறுத்தினார்கள். உடைந்த தாடையோடு அவன் அக்காவைப் பார்த்து அழுதான்.

"அக்கா, அத்தான் சொன்னவரெல்லே, சொல்லவேண்டாம் எண்டு..."

"சொன்னவர்தான்" என்றாள் சிவனேஸ்வரி. அவளுடைய மூச்சு இன்னும் அடங்கவில்லை. "அவர் நல்ல மனிசன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை."