ஞானக்கனி அக்காவின் மேசை

என் அப்பா எனக்கு வைத்த பெயர் கந்தவேல். மண்ணரைப் பக்கம் பனியன் கம்பெனிகளில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘அம்பு’ என்று கேளுங்கள், டீக்கடைக்காரர்கூட வழி காட்டுவார். அதற்குக் காரணம் ஞானக்கனி அக்கா. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அக்கா சாத்தான்குளத்துக் கிறிஸ்தவக் குடும்பம். 2003-ல் நான் ஓவர்லாக் டெய்லராக இருந்த கம்பெனியில் அவர்தான் செக்கிங். தைத்து வரும் பனியனை முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார். பிறகுதான் பார்ப்பார். கோளாறு உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். சொந்தத் தம்பி தைத்த பீஸாக இருந்தாலும் அம்புதான்.

“ஏனுங்க அக்கா, உங்க சாமியும் இப்படித்தானுங்களா?” என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன்.

“அவரு நீதியுள்ள நியாயாதிபதிலா. உள்ள திருப்பிப் பாக்காம தீர்ப்புச் சொல்ல மாட்டாரு. நான் அவருகிட்டதான் தொழில் படிச்சேன்.”

அப்படிப்பட்டவர் என் விஷயத்தில் கோட்டை விட்டார். எங்கள் லைனில் தோள் தைப்பது நான்தான்; பனியன்களில் தோள் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை. என் வாய் கொஞ்சம் மோசம். அன்று காலையில்தான் சூப்பர்வைசர் பழனிமுத்துவிடம் சண்டை போட்டிருந்தேன். அக்கா நேராக வந்து என் சட்டைப் பையில் ஓர் அம்பை ஒட்டினார்.

“கோளாறு துணியில இல்ல, இந்த ஆளுகிட்ட இருக்கு. சண்ட போட்டுக்கிட்டே தச்சா ஓட்ட விழாம என்ன செய்யும்?”

லைன் முழுக்கச் சிரிப்பு. “நான் போடலீங்க” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பழனிமுத்து என்னை மிஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்ட உட்கார வைத்தார். சனிக்கிழமையோடு கணக்கு முடித்துக்கொள்ளவும் சொல்லிவிட்டார். ஓட்டை போடுகிற டெய்லர் என்று பெயர் வந்தால் வீரபாண்டி வரைக்கும் ஒரு கம்பெனியிலும் மிஷின் கிடைக்காது. பதினெட்டு வருஷத் தொழில்.

என் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்த பிறகும் ஓட்டை நிற்கவில்லை. அக்காவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. நாலாம் நாள் அவர் எழுந்தபோது சேலை மேசை ஓரத்தில் மாட்டிக் கிழிந்தது. குனிந்து தடவிப் பார்த்தார். அரிசி அளவுக்கு ஓர் ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பனியனைத் திருப்ப அவர் இழுக்கும்போதெல்லாம் தோள் அதில் மாட்டியிருக்கிறது.

அதை யாரும் கவனிக்கவில்லை; பிறகு அவரே சொல்லித்தான் தெரியும். அக்கா ஓர் அம்பை உரித்தார். பொட்டே வைக்காத தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, லைன் நெடுக நடந்து பழனிமுத்துவிடம் போனார்.

“கோளாறு என் மேசையில. அந்த ஆள மிஷின்ல உக்கார வையுங்க.”

“ஏனுங்கக்கா, சுத்தியல்ல ஒரு தட்டு தட்டிருந்தா முடிஞ்சுதுங்களே. யாரு பாத்தா?”

“பாக்க வேண்டியவரு பாத்துட்டாருலா. நான் ஆளப் பாத்துத் தீர்ப்புச் சொல்லிட்டேன், துணிய சரியாப் பாக்கல. ஒரு நாளு என்னையும் அவரு திருப்பிப் பாப்பாரு. அவரு மேசையில ஆணி கெடையாது.”

“பயமா இல்லீங்களா?” என்றேன் நான்.

“ஒரு எடத்துலயாவது மூஞ்சி பாக்காம தீர்ப்புச் சொல்ல ஆளு இருக்குன்னா சந்தோசம்லா தம்பி! மன்னிப்புக் கேட்டா அங்க கெடைக்கும். இப்ப ஒங்ககிட்டயும் கேக்கேன்.”

“மொதல்ல நெத்தியில இருக்கறத எடுங்க, சிரிப்பு வருது” என்றேன்.

மிஷின் திரும்பக் கிடைத்தது. பெயர்தான் உரியவில்லை. ‘அம்பு’ என்று கூப்பிட்டவர்களையெல்லாம் அக்கா தேடிப் போய்த் திட்டினார். அதனாலேயே அது இன்னும் பரவியது.

ஆணியை அன்றைக்கே அடித்து இறக்கியாயிற்று. ஆனால் அந்த இடத்தில் அக்கா ஓர் அம்பை ஒட்டி வைத்தார். தேயத் தேய மாற்றினார். 2009-ல் கண் மங்கி, தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஓர் அட்டை நிறைய அம்பு ஸ்டிக்கர்களை என் கையில் வைத்தார்.

“தம்பி, அந்த எடத்துல தேஞ்சா புதுசு ஒட்டிருங்க. அடுத்து உக்காருத புள்ள ஏன்னு கேட்டா, ஞானக்கனி தப்பாத் தீர்ப்புச் சொன்ன எடம்னு சொல்லுங்க. கொறைக்காமச் சொல்லணும், என்ன?”